மெல்லக் கசிந்த குளிர்

எங்கள் காரின் ஏர்கானில் கோளாறு இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு யானை. பட்டர்கிரீமில் செய்த யானை. ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் கேக்கின் உச்சியில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது தூக்கியபடிதான் இருந்தது. சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் கொண்டுபோய் இறக்கியபோது தும்பிக்கை தொங்கிப்போய் முன்னங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி ஒரு நொடி அதைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் அம்மாவிடம், யானை தண்ணீர் குடிக்கிற மாதிரி செய்திருக்கிறேன் என்றாள். அந்தப் பெண்ணும் நம்பி, வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே சொல்லிப் படம் எடுக்க வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் என் மனைவி ஏர்கான் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். எனக்கு நன்றாகத்தானே இருந்தது என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்," என்றாள். "யானைக்கு இல்ல."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில், எந்தச் சரக்குப் பெட்டகத்தை எந்தக் கப்பலில் எங்கே அடுக்குவது என்று திட்டம் போடும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற மறுமாதமே என் மனைவியின் டிரைவர் ஆனேன். அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். பாண்டான் இலை வாசமும் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லமும் சேர்த்து அவள் செய்யும் கேக்குக்கு நல்ல பெயர். கேக்கைத் தொட எனக்கு அனுமதி கிடையாது. ஒருமுறை தொட்டதில் மணமகள் பொம்மைக்கு ஒரு கை போய்விட்டது. அதனால் என் பொறுப்பு ஸ்டியரிங், பிரேக், ஏர்கான். மூன்றில் ஒன்று இப்போது காலை வாருகிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மறுத்தேன்.

மறுக்க முடிந்ததற்குக் காரணம் அது மெதுவாகக் கெட்டதுதான். ஒரேயடியாக நின்றிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கேஸ் நிரப்பினால் முதல் வாரம் மூக்கு நுனி சில்லிட்டுப்போகும். இரண்டாம் வாரம் சுகமாக இருக்கும். மூன்றாம் வாரம், இன்று வெயில் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றும். சிங்கப்பூரில் என்றைக்குத்தான் வெயில் அதிகம் இல்லை? தப்பு வெயில் மேலா வண்டி மேலா என்று தீர்மானிக்கவே முடியாது. நான்காம் வாரம் ஏதாவது ஒரு கேக் சாயும்.

கிராஞ்சிப் பக்கம் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அறுபது வயது இருக்கும், தமிழர், அவசரம் என்பதே அறியாத மனிதர். இரண்டு முறை அவரிடம் போய் கேஸ் நிரப்பினேன். மூன்றாவது முறை அவர் நிரப்ப மறுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைக் குழாய்களின் மேல் பூசிவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நுரை வரும் இடம்தான் ஓட்டை என்றார். இருவரும் காப்பி குடித்து முடிக்கும் வரை எந்த இடத்திலும் நுரை வரவில்லை. இது ரொம்ப மெதுவான கசிவு, இதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது என்று உள்ளே போய் ஒரு சின்னக் குப்பியை எடுத்துவந்தார். அதில் எண்ணெய் மாதிரி வெளிறிய மஞ்சளாக ஏதோ இருந்தது.

சாயம். அதை ஏர்கான் குழாய்க்குள் கேஸோடு சேர்த்து விட்டுவிட்டால், கேஸ் கசியும் இடத்தில் சாயமும் துளித்துளியாக வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும்.

"ரெண்டு வாரம் சும்மா ஓட்டுங்கண்ணே," என்றார். "அது தானா வெளிய வந்து நான்தான்னு சொல்லும். அப்புறம் நான் லைட் அடிச்சுப் பாக்குறேன். அதுவரைக்கும் பானெட்ட மட்டும் திறக்காதீங்க."

நான்காம் நாள் திறந்தேன்.

அதற்கு முன் லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். வாளியிலிருந்து பெட்டிவரை எல்லாம் விற்கும் கடை. டார்ச் எடுத்துக் கொடுத்தவர், கள்ள நோட்டு பார்க்கவா, பூனை மூத்திரம் தேடவா என்று விசாரித்தார். காருக்கு என்றேன். காரில் பூனை போய்விட்டதா என்று அனுதாபமாகக் கேட்டார். விளக்க நேரமில்லாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் இதுவும் வேண்டும் என்று மஞ்சள் கண்ணாடி ஒன்றையும் என் தலையில் கட்டினார். பிறகு பார்த்தால் அது உண்மையிலேயே தேவையான பொருள்தான்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிக் கார்பார்க்கில் நான்காம் தளத்தில் என் வண்டி நிற்கும். பகலில் அங்கே நல்ல வெளிச்சம். டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. இருட்டு வேண்டும். வீட்டிலிருந்து கனமான போர்வை ஒன்றை எடுத்துவந்தேன். பெரிய புலி முகம் போட்ட போர்வை, கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. பானெட்டைத் திறந்து, அதன் மேல் போர்வையைப் போட்டு, மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்புவரை உள்ளே நுழைந்தேன்.

உள்ளே நான் பார்த்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. எல்லாம் பச்சை. குழாய் பச்சை, பெல்ட்டின் ஓரம் பச்சை, பாட்டரியின் தலை பச்சை. என் வண்டியில் ஓட்டை இல்லாத இடமே கிடையாது என்று நினைத்துவிட்டேன். உண்மையில், மெக்கானிக் சாயத்தை விட்டுக் குழாயைக் கழற்றியபோது கொஞ்சம் தெறித்திருந்தது, அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாது. கையில் இருந்த துண்டால் துடைக்க ஆரம்பித்தேன். துடைக்கத் துடைக்கப் பச்சை பரவியது. பரவப் பரவ இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

அப்போது யாரோ என் கெண்டைக்காலைக் கிள்ளினார்கள்.

தலையைத் தூக்கியதில் பானெட்டில் இடித்துக்கொண்டேன். போர்வையை விலக்கிப் பார்த்தால், எட்டாம் மாடியில் இருக்கும் சீன ஆன்ட்டி, தள்ளுவண்டிப் பையுடன் நிற்கிறார். புலியின் வாய்க்குள்ளிருந்து இரண்டு கால்கள் வெகுநேரமாக அசையாமல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் காது கேட்கவில்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கிள்ளினேன் என்று ஆங்கிலத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு என் மஞ்சள் கண்ணாடியையும் ஊதா டார்ச்சையும் பார்த்து, மேற்கொண்டு எதுவும் கேட்கவேண்டாம் என்று முடிவு செய்தவர்போல, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து லிஃப்ட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் மனைவியிடம் மட்டும் தாழ்ந்த குரலில் என் நலம் விசாரிப்பார்.

இரண்டு வாரம் கழித்துக் கிராஞ்சிக்குப் போனபோது மெக்கானிக் கடையின் இரும்புக் கதவை இறக்கி இருட்டாக்கிவிட்டு, தன் டார்ச்சை அடித்தார். எஞ்சின் முழுக்கக் கைத்தடங்கள். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்த இடமெல்லாம் இருந்தது.

"அண்ணே, இதுல ஓட்டை எது, ஒங்க கை எதுன்னு நான் எப்படிப் பாக்குறது?"

மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து முதலிலிருந்து தொடங்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார். ஒரு மாதம் என்னிடம் இல்லை. மூன்று வாரத்தில் என் மனைவியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஐந்தடுக்குக் கேக்.

இந்த இடத்தில் என் மச்சினனைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மனைவிக்கு ஒரே தம்பி. வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஏர்கான் பொருத்துவது, பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். பழைய ஃபிரிட்ஜ்களையும் பார்ப்பான். இப்படி ஒருவன் குடும்பத்திலேயே இருக்க, நான் கிராஞ்சிக்கும் கிளமெண்டிக்கும் அலைந்ததற்குக் காரணம், நானும் அவனும் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது.

எங்கள் கூடத்தில் ஏர்கான் பொருத்தித் தந்தவன் அவன்தான். தீபாவளிக்கு எல்லாரும் வந்திருந்தபோது, எனக்கு அது லேசாகச் சாய்ந்திருப்பதாகப் பட்டது. கப்பலில் பெட்டகம் அடுக்கிய கண். சாய்வு என்றால் தூக்கம் வராது. சொன்னேன். அவன் சாயவில்லை என்றான், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்துவந்து, இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாற்காலியில் ஏறி ஏர்கானின் மேல் வைத்தேன். குமிழி நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. இரண்டு மில்லிமீட்டர் என்று அறிவித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. அவன் கையில் வாங்கியிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, அக்காவிடம் மட்டும் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

என் மனைவி அந்த மூன்று வருடமும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. கூடத்து ஏர்கானை நிமிர்ந்து பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் நீளமாகப் பார்ப்பாள்.

கல்யாணம் நெருங்க நெருங்க வண்டியைக் குளிர வைக்க வேறு வழிகளைத் தேடினோம். பின் இருக்கைகளை மடக்கி, ஐஸ் கட்டிகள் நிரப்பிய இரண்டு பெட்டிகளை வைத்து, அவற்றின் மேல் பாட்டரி விசிறிகளைக் கட்டினோம். ஒத்திகைக்கு ஒரு மாதிரிக் கேக்கை ஏற்றிக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் ஓட்டினோம். ஐஸ் உருகி, முதல் பிரேக்கில் தண்ணீர் முழுவதும் முன்பக்கம் ஓடிவந்து என் செருப்பை நனைத்தது. ஃபிரீசரில் இருந்த பரோட்டா பாக்கெட்டுகளைக் கேக்கைச் சுற்றி அடுக்கிப் பார்த்தோம். கேக் தப்பித்தது, பரோட்டா ஊறிப்போனது. அடுத்த மூன்று நாள் மூன்று வேளையும் பரோட்டா தின்றோம். இன்னொரு ஒத்திகையில், மனிதன் பேசினால் உடம்பிலிருந்து சூடு வெளியாகும் என்று எங்கோ படித்ததாகச் சொல்லி, கிளமெண்டியிலிருந்து லிட்டில் இந்தியா வரை என்னை வாய் திறக்கவேண்டாம் என்றாள் என் மனைவி. வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அது எங்கும் படித்ததல்ல என்று இப்போது நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, முடிவெட்டிக்கொள்ளவும் இஸ்திரிக்குக் கொடுத்திருந்த வேட்டி சட்டையை வாங்கவும் லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். அங்கே சனிக்கிழமை வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குப் பதில் எம்ஆர்டி ரயிலில் போய்வரச் சொன்னாள் என் மனைவி. அவள் வழக்கமாக அதைச் சொல்ல மாட்டாள். எதையாவது வாங்கிவரச் சொல்லி வண்டியைத்தான் எடுக்கச் சொல்வாள். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவசரமில்லாமல் முடிவெட்டி, தோசை சாப்பிட்டு, நான்கு மணிநேரம் கழித்துத் திரும்பினேன்.

ஞாயிறு காலை, கேக்கை ஏற்றும் முன் வண்டியை இயக்கினேன். பத்து நொடியில் துவாரத்திலிருந்து வந்த காற்று என் விரல்களைச் சில்லிடச் செய்தது. நம்பமுடியாமல் பானெட்டைத் திறந்தேன். பழைய துண்டை எடுத்துக் குழாய்களை இன்னொருமுறை நன்றாகத் துடைத்துவிட்டு மூடினேன். இத்தனை நாள் நான் துடைத்ததில்தான் ஏதோ ஓட்டை அடைபட்டிருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அதை என் மனைவியிடமும் சொன்னேன். அவள் கையுறைகளை மாட்டிக்கொண்டே, "இருக்கும், இருக்கும்," என்றாள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அந்தத் துண்டாலேயே மறுபடி துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

முகூர்த்தம் காலையில் கோயிலில் முடிந்திருந்தது. மதிய விருந்து லிட்டில் இந்தியாவை ஒட்டி ஒரு ஹோட்டலின் பெரிய மண்டபத்தில். கேக் ஒரு மில்லிமீட்டர்கூடச் சாயாமல் போய்ச் சேர்ந்தது. என் மனைவியும் ஹோட்டல் ஊழியர் இருவரும் அதைச் சக்கர மேசையில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வெற்றி வீரனாகப் பின்னால் போனேன்.

அந்த மகிழ்ச்சியில் அன்று நான் தொடாத மனிதர் இல்லை. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினேன். அவருடைய அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குலுக்கினேன். என் சகலையின் வழுக்கைத் தலையைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினேன். வரவேற்பில் வைத்திருந்த குத்துவிளக்கை அரை அங்குலம் நகர்த்தி நேராக வைத்தேன். மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பிடித்துப் பார்த்தேன். நாற்காலிகளின் வெள்ளை உறைகளை இழுத்துச் சரிசெய்தேன். மணப்பெண், "சித்தப்பா, கேக் வந்துருச்சா?" என்று கேட்டபோது அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தேன். பிறகு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, இனிப்பு மேசைக்குப் போனேன். எனக்குச் சர்க்கரை வியாதி. ஜிலேபி என் வாழ்க்கையிலிருந்து நீக்கப்பட்டு ஆறு வருடம். முள்கரண்டியால் இரண்டு சாப்பிட்டுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தேன்.

மச்சினனும் வந்திருந்தான். எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மணப்பெண்ணின் தோழிகள் ஒரு நடனம் வைத்திருந்தார்கள். கறுப்பு உடை, வெள்ளைக் கையுறை. இருட்டில் கைகள் மட்டும் மிதப்பது மாதிரி இருக்கும் என்று அறிவிப்பாளர் சொன்னார். மண்டபத்து விளக்குகள் எல்லாம் அணைந்தன. ஊதா விளக்குகள் எரிந்தன.

முதலில் ஒரு பெண் குழந்தைதான் பார்த்தாள். "அம்மா, அந்தத் தாத்தா தலைல கை," என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். என் சகலையின் வழுக்கை மேல் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் கொண்ட ஒரு கை பச்சையாக ஒளிர்ந்தது. அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பதால் பெருமையாகச் சிரித்தார். பிறகு மாப்பிள்ளை எழுந்து திரும்பினார், கோட்டின் முதுகில் இரண்டு கைகள். குத்துவிளக்கின் தண்டில் ஒரு பிடி. வரிசையாக நாற்காலி உறைகளில் கைகள். மைக்கைப் பிடித்திருந்த அறிவிப்பாளரின் விரல்களும் பச்சை. மணப்பெண்ணின் இரு கன்னங்களிலும் விரல்கள், கீழ்நோக்கி வழித்த கோலத்தில். இனிப்பு மேசையின் விரிப்பில் ஒரு கை, நிதானமாக ஊன்றி நின்ற கை.

நடனமாட வந்த பெண்களின் வெள்ளைக் கையுறைகளை யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்று, இது யார் வேலை, எதற்காக இப்படி அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் குரலில் பயம் இருந்தது. மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அறிவிப்பாளர் தன் பச்சை விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தொழில் தெரிந்தவராதலால், இது மணமக்களை ஆசீர்வதித்த கைகளின் தடம், பெண் வீட்டாரின் சிறப்பு ஏற்பாடு என்று அறிவித்துவிட்டார். சிலர் கைதட்டினார்கள். பெரியப்பா உட்கார்ந்தார், முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. கேக் மேசை மட்டும்தான் அந்த மண்டபத்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் இருந்தது. ஐந்து அடுக்கும் சுத்தம்.

என் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பச்சைத் தடங்களையோ மேடையையோ பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"எத்தனை ஜிலேபி?"

"ஒண்ணு."

"மீசை பச்சையா எரியுது. உண்மைய சொல்லுங்க."

இரண்டு என்றேன். போய் முகத்தைக் கழுவச் சொன்னாள். எழுந்தேன். அப்போதுதான் எதிர்ச்சுவர் ஓரம் கண்ணில் பட்டது. அந்த இருட்டில் இரண்டு உள்ளங்கைகள் மேசை மேல் பச்சையாகக் கிடந்தன. என் கை அளவுக்குப் பிரகாசமில்லை. ரேகைகளிலும் நகக்கண்களிலும் மட்டும் மெல்லிய பச்சை. மச்சினன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அவனைத் தொடவே இல்லை. அவன் கைக்குச் சாயம் எப்படி வந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நேற்று எம்ஆர்டியில் போகச் சொன்னதும், இன்று காலை அந்த "இருக்கும், இருக்கும்"மும் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று பொருந்தின. திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

முகம் கழுவப் போகாமல் அவன் மேசைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் கைகளை மேசைமேல் வைத்திருந்தோம். நான்கு பச்சைக் கைகள்.

"நீதானா?" என்றேன்.

"அக்கா சாவி குடுத்துச்சு," என்றான். என்னைப் பார்க்கவில்லை. "ஒங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லுச்சு."

எங்கே ஓட்டை என்று கேட்டேன். ஓட்டையே இல்லை என்றான். கேஸ் நிரப்பும் வாயில் சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரி ஒரு சின்ன ஊசி வால்வு இருக்கிறதாம். அது தேய்ந்திருக்கிறது. அதன் மேல் போடும் பிளாஸ்டிக் மூடியும் எப்போதோ தொலைந்திருக்கிறது. அந்த வாய் வழியாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் போயிருக்கிறது. சோப்புத் தண்ணீரை அந்த வாயின் மேல் ஒரு சொட்டு வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தானாம். கால் மணிநேரம் கழித்து ஒரே ஒரு குமிழி வந்ததாம். வால்வை மாற்றி, குழாயிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, பழைய ஃபிரிட்ஜுக்குப் போடுவதற்காக அவன் வேனில் வைத்திருந்த அதே வகை கேஸை நிரப்பி, புது மூடி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்.

"எல்லா எடமும் கை வச்சிருந்தீங்க," என்றான். "அந்த வால்வு ஒண்ணுதான் பாக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். மேடையில் நடனம் முடிந்து வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் எங்கள் கைகள் சாதாரணக் கைகளாகிவிட்டன. இப்போது எழுந்துபோனால் இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று தோன்றியது.

"கூடத்து ஏர்கான்ல இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகினதில்ல," என்றேன். அதுதான் எனக்குச் சொல்ல வந்தது.

"ஒழுகாது மாமா. தண்ணி போற பக்கம் கொஞ்சம் சாய்ச்சுதான் மாட்டணும். நேரா வச்சா ஒழுகும்."

நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க நாற்காலில ஏறிட்டீங்க."

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு அவ்வளவாகக் கிடையாது. மேசையில் இருந்த பிரியாணித் தட்டை எடுத்து, முதலில் அவனுக்குப் பரிமாறினேன். கறித்துண்டு மூன்று வைத்தேன். போதும் போதும் என்றான். நான்காவதையும் வைத்தேன். சாப்பிட்டான். தூரத்தில் என் மனைவி இப்போது மேடையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் அவசரமாகத் தன் அக்காவிடம் ஏதோ பேச ஆரம்பித்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். பெரியப்பா முழுக்கதையும் கேட்டுவிட்டு, புலிப் போர்வை வந்த இடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். கோட்டிலிருந்த சாயம் சலவையில் போய்விட்டது. மணப்பெண்ணின் பச்சைக் கன்னத்தோடு எடுத்த படங்களில் ஒன்றைப் பெரிதாக்கி அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் நான் இல்லை, என் கை மட்டும் இருக்கிறது.

கிராஞ்சி மெக்கானிக்கிடமும் சொல்லவேண்டும் அல்லவா? அடுத்த வாரம் மச்சினனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஊசி வால்வு என்றதும் மெக்கானிக்கின் முகம் வாடியது. இத்தனை வருடத் தொழிலில் முதலில் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டேனே என்றார். சோப்புத் தண்ணீர் பூசிய அன்று அந்த வாயிலும் பூசியிருக்கிறார், ஆனால் ஐந்து நிமிடம்தான் பார்த்திருக்கிறார். கால் மணிநேரம் பார்க்கணும்ணே என்றான் மச்சினன். அதைக் கேட்டு மெக்கானிக் அவனை மரியாதையோடு ஏறிட்டுப் பார்த்தார். அவசரம் அறியாத அவருக்குத் தன்னைவிட அவசரமில்லாத ஒருவனைச் சந்தித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். இருவரும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருந்த எனக்குக் கால் விறைத்துவிட்டது, ஏர்கான் அவ்வளவு சில்லென்று இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிறு காலைகளில் அவர்கள் இருவரும் கிராஞ்சி நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கப் போகிறார்கள். மணிக்கணக்கில் ஒன்றும் பேசாமல் மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். நானும் வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். மச்சினன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மீனைப் பொரித்து வைக்கும்போது வந்து சாப்பிடுங்கள் மாமா என்றான்.